சோர்வும் சோம்பலும்

விழா மலர்களின் இயல்பை நம் பழைய மாணவர் அனைவரும் அறிவர். தாபகரின் திருவுருவம் முதற்பக்கத்தை அணிசெய்யும். அதிபர்களின் வரலாறு தொடரும். பரீட்சைப் பேறுகளும் விளையாட்டு வெற்றிகளும் நிரைநிரையாய் வரும். இவை யாவும் வேண்டுவனவே. வென்றோரைப் போற்றாத கல்விக்கூடம் வெல்வோரை ஆக்குதலும் அரிது. ஆயினும், ஆண்டுதோறும் எடுக்கும் வகுப்புப் புகைப்படங்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஓராண்டுப் படத்திலே பின்வரிசையில் நின்ற முகங்கள் சில, அடுத்த ஆண்டுப் படத்தில் இல்லை. அவர்கள் எங்குச் சென்றனர், ஏன் சென்றனர் என்பதனை எந்த மலரும் கூறுவதில்லை.

மலராசிரியர் எம்மிடம் தமிழைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார். யாமோ, அவர் பொறுத்தருள்வார் என்னுந் துணிவினால், அம்முகங்களுட் சிலவற்றை மறைத்த ஒரு நோயைப் பற்றி எழுதப் புகுந்தோம். மனச்சோர்வு என்பது அதன் பெயர். யாம் வைத்தியர் அல்லேம். இருபதாண்டுக்கு மேலாகப் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தி வரும் தமிழாசிரியரே. எனினும் இந்நோயைப் பற்றிப் பேச எமக்கு ஓர் உரிமையுண்டு. அஃது எமது பிழையொன்றினால் வந்த உரிமை.

பல்லாண்டுகட்கு முன், யாம் வேறொரு பாடசாலையிற் கற்பித்த காலை, பத்தாந் தரத்திலே ஒரு மாணாக்கன் இருந்தான். அவன் பெயரும் ஊரும் ஈண்டு வேண்டா. முதலாந் தவணையில் அவன் எழுதிய கட்டுரைகளை வகுப்பிலே உரக்கப் படித்துக் காட்டினோம். இரண்டாந் தவணையில் அவன் எழுத்துக் குறுகிற்று. வீட்டுவேலை முடிவுறாது வந்தது, பின்னர் வாராதொழிந்தது. காலைப் பாடவேளைகளில் மேசைமீது தலைகவிழ்ந்து கிடந்தான். உதைபந்தாட்டப் பயிற்சிக்குச் செல்லாது நின்றான். காரணம் வினவிய தோழர்மீது எரிந்து விழுந்தான். ‘எங்கள் ஊர்த் திருவிழா’ என்னுந் தலைப்பில் இரண்டு பக்கம் எழுதும்படி யாம் பணித்தபோது, அவன் எழுதிக் கொணர்ந்தவை இரண்டே வாக்கியங்கள்: “நான் திருவிழாவுக்குப் போனேன். முன்னையைப் போல இருக்கவில்லை.” யாம் சிவப்பு மையினாற் ‘போதாது’ என எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். தவணை முடிவிலே அவன் தேர்ச்சி அறிக்கையில், ‘கெட்டிக்காரன், ஆயினும் சோம்பல் மிகுதி’ எனக் குறித்தோம். அக்குறிப்பு அவன் வீட்டிலே பூவரசந் தடியாக மாறியதைப் பின்னரே அறிந்தோம்.

மூன்றாந் தவணையின் நடுவில் அவன் பாடசாலைக்கு வரவில்லை. மாதமொன்று கழிந்தபின் அவன் தாயார் வந்தார். “சேர், பிள்ளைக்கு மனவருத்தமாம். ஆஸ்பத்திரியில மருந்து எடுக்கிறம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ” என்றார். பல கிழமைகளாக அவன் விடியற்புறம் மூன்று மணிக்கே விழித்துச் சுவரைப் பார்த்தபடி இருந்தானென்றும், சோற்றைக் கண்டால் முகந்திருப்பினானென்றும், தான் பிறந்திருக்கவே தேவையில்லையெனத் தங்கையிடங் கூறினானென்றும் அவர் சொல்லக் கேட்டு நின்றோம். எமக்கு அப்பொழுது அவ்விரண்டு வாக்கியங்களும் நினைவுக்கு வந்தன. தன் நோயின் தலையாய அறிகுறியை அவன் தன் கையாலேயே எழுதி எம்மிடந் தந்திருந்தான். யாம் அதற்குப் புள்ளி குறைத்திருந்தோம்.

வைத்தியமும், ஓராண்டு ஓய்வும், அறிவுள்ள மாமனொருவரின் துணையும் அவனை மீட்டன. இன்று அவன் தொழில்புரிந்து மனைவி மக்களோடு வாழ்கின்றான். சில ஆண்டுகட்கு முன் ஒரு கலியாண வீட்டிலே எம்மைக் கண்டு, பழையன பலவும் பேசியபின், “சேர், நீங்கள் ஒருநாள் என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன்” என்றான். அவன் குரலிற் கோபமில்லை. அதனாலேயே அச்சொல் எம்மை விட்டு அகலவில்லை. இக்கட்டுரை அச்சொல்லுக்கு யாம் கூறுங் காலந்தாழ்ந்த விடையென்க.

யாம் சொல்ல விரும்புவது ஒன்றே. மனச்சோர்வு ஒரு நோய். அதனைச் சோம்பலென்றும், திமிரென்றும், கோழைத்தனமென்றும் பெயரிட்டழைக்கும் நமது வழக்கம், நோயுற்றவனை வாய்திறக்கவொட்டாது தடுக்கின்றது. பிழையான பெயரைச் சூட்டியபின் சரியான மருந்தை எங்ஙனம் தேடுவது?

துன்பம் வேறு, நோய் வேறு என்பதனை முதற்கண் தெளிதல் வேண்டும். தந்தையை இழந்தவன் அழுகின்றான். பரீட்சையிலே தவறியவன் சிலநாள் முகங்கொடுத்துப் பேசான். இவை இயற்கை. இத்தகைய துன்பத்தினிடையேயும் நண்பனொருவன் வந்து பகடி சொன்னால் இதழோரத்திற் சிரிப்பொன்று தோன்றும். நாள் செல்லச்செல்லப் புண் ஆறும். மனச்சோர்வு நோயிலோ அச்சிரிப்புப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. நாள் செல்வதனால் மாத்திரம் அது எளிதில் தணிவதுமில்லை. நோயுற்றோர் சிலர்க்கு அழுகையும் வருவதில்லை. “அழவேண்டும்போல இருக்கின்றது, கண்ணீர் வரவில்லை” எனக் கூறுவோரும் உளர்.

மருத்துவ நூலார் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்துள்ளனர். அறிகுறிகள் ஒன்பது. மனம் நாள்முழுதும் கனத்துக் கிடத்தல், முன்னர் இன்பந் தந்தவற்றில் விருப்பம் அற்றுப்போதல், பசியும் உடல்நிறையும் குறைதல் அல்லது மிகுதல், உறக்கம் கெடுதல் அல்லது அளவிறந்து உறங்குதல், பேச்சும் நடையும் தளர்தல் அல்லது ஓரிடத்தில் இருக்கமாட்டாது அலைதல், உடல் அயர்ச்சி, தன்னைப் பயனற்றவனென்றும் குற்றவாளியென்றும் எண்ணுதல், கவனம் நிலைகொள்ளாமை அல்லது சிறியதொன்றையுந் துணியமாட்டாமை, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றுள் ஐந்தேனும், முதலிரண்டில் ஒன்றை உள்ளடக்கி, இரண்டு கிழமைக்குக் குறையாது நாடோறும் நிலைத்து, அன்றாட வாழ்வையும் குலைக்குமாயின் அது நோயெனத் தகும். இளையோரிடத்து ஒரு வேறுபாடுண்டு. துயரத்திற்குப் பதிலாகச் சினமே மேலெழுந்து நிற்றல் கூடும். வகுப்பிலே யாம் ‘திமிர்’ எனக் கண்டது பலகால் இதுவே.

எம் மாணாக்கனை இவ்வளவுகோலால் இன்று அளந்து பார்க்கின்றோம். விருப்பம் அற்றமை திருவிழாவிலும் உதைபந்தாட்டத்திலும் தெரிந்தது. கவனம் அற்றமை கொப்பியிலே தெரிந்தது. அயர்ச்சி மேசையிலே தெரிந்தது. எம் கண்முன் மூன்று இருந்தன; ஏனையவை வீட்டிலே இருந்தன. ஆசிரியரும் பெற்றோரும் ஒருவரோடொருவர் பேசியிருந்தால் கணக்கு நிறைந்திருக்கும்.

பிறிதொரு தடையும் உண்டு. அது மொழி பற்றியது. நூலிலே நாம் மனச்சோர்வு என எழுதுகின்றோம். நம் ஊரவர் எவரேனும் வைத்தியர்முன் சென்று “எனக்கு மனச்சோர்வு” என மொழிந்தது உண்டோ? யாழ்ப்பாணத்திலே ‘யோசனை’ என்பார்கள். “பிள்ளை கனக்க யோசிக்கிறான்” என்பார் தாயார். பெருமூச்சு வருகின்றது என்பர். நெஞ்சு பாரம், தலை விறைப்பு, கை கால் உளைவு, உடம்பு அலுப்பு என்பர். பிள்ளையோ “ஒண்டும் ஏறுதில்லை சேர்” என்பான். உள்ளத்து நோவை உடம்பின் மொழியிலே கூறுவது நம்மவரின் அறியாமையெனக் கருதற்க. உறக்கம், பசி, வலி யாவற்றையும் இந்நோய் தாக்குவதனால், அவர்கள் உணர்வதையே உரைக்கின்றார்கள். அம்மொழியைப் பெயர்த்தறிதல் கேட்போர் கடன். தலையிடிக்கென்று மாதக்கணக்காகப் பனடோல் விழுங்குகின்ற தாயாரிடம் “இரவில் நித்திரை எப்படி?” என்று ஒருவர் வினவினால் பாதி வழி கடந்தவாறாம்.

இனி, இந்நோய்க்குக் காரணம் யாது? ஒன்றைச் சுட்டிக் கூறவியலாது. பல நீரோடைகள் கூடி வெள்ளமாவதுபோற் பல காரணங்கள் கூடியே இது வருகின்றது. பண்டைக் கிரேக்க வைத்தியர் கரும்பித்தமென ஒன்றைக் கற்பித்து அதன்மீது பழிபோட்டனர். நம் காலத்தார் மூளையிலுள்ள இரசாயனப் பொருளொன்றின் குறைவே காரணமெனச் சிலகாலம் கூறினர். செரற்றோனின் என்னும் அப்பொருள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2022இல் வெளியான ஒரு மீளாய்வு, அத்துணை எளிய விளக்கத்திற்குப் போதிய சான்றில்லை எனக் காட்டிற்று. மருந்து பயனற்றதென்பது இதன் பொருளன்று. காய்ச்சலைத் தணிக்கும் மருந்தின் குறைவினாலே காய்ச்சல் வந்ததென எவருங் கூறார். நோயின் வேர் நாம் எண்ணியதினும் சிக்கலானதென்பதே பொருள்.

உடலைச் சார்ந்த காரணங்கள் உள. பெற்றோர்க்கு இருந்தால் பிள்ளைக்கு வருதற்கு ஏது சற்று மிகுதி. இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தோர், நோய்வாய்ப்படுதலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே பரம்பரைக்கு உரியதென்பர். எஞ்சிய பங்கு வாழ்க்கையினது. கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி தளர்ந்தாலும் சோர்வு வரும். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் வரும். நீடித்த நோய்களோடும் மதுவோடும் கூடி வரும். ஆதலின் முதலில் வைத்தியர் உடலைச் சோதித்தல் அவசியம்.

வாழ்க்கையைச் சார்ந்த காரணங்களைக் கூறப்புகுங்கால், தமிழாசிரியர் என்னும் முறையில் எமக்கு ஒரு மகிழ்ச்சியுண்டு. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலிலே எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணி, அவற்றுள் அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினை வைத்தார். பிறரால் இகழப்பட்டு எளியனாதல் இளிவு. உற்றாரையோ உடைமையையோ பறிகொடுத்தல் இழவு. முன்னிருந்த நன்னிலை கெட்டு வேறாதல் அசைவு. வேண்டுவன இன்மை வறுமை. அவர் கூறியது நாடகத்தும் செய்யுளினும் தோன்றும் அழுகையையே, நோயையன்று. எனினும் இலண்டன் நகரின் கம்பர்வெல் பகுதியிலே வாழ்ந்த பெண்களை ஆராய்ந்து, ஜோர்ஜ் பிரவுண், திரில் ஹரிஸ் என்னும் இருவர் 1978இல் வெளியிட்ட நூலும் அதன்வழி எழுந்த ஆய்வுகளும் கூறுவனவற்றை நோக்குக. பெரும்பாலும் கடுமையான இழப்பொன்றின் பின்னரே மனச்சோர்வு தொடங்கிற்று. இழப்போடு இழிவும், தப்ப வழியில்லையென்னும் நிலையும் கூடியபோது இடர் மிகுந்தது. மனம்விட்டுப் பேசத்தக்க ஒருவர் அருகிலிருந்தோர்க்கு அது குறைந்தது. நான்கு நிலைக்களன்களுக்கும் ஐந்தாவதாகத் ‘தனிமை’ என ஒன்றைச் சேர்த்தால், நம் நாளுக்குப் பொருந்தும் பட்டியல் கிடைத்துவிடும்.

இந்நான்கும் நம் மண்ணிலே குறைவோ? 1995 ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமத்து மக்கள் வீடும் வளவும் விட்டு மழையிலே நடந்தபோது, சிறுவராய் யாமும் உடன் நடந்தோம். 2004இல் கடல் பொங்கிக் கரையோரத்தை அழித்தது. 2009இலே வன்னியில் நேர்ந்தவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. இழவு இல்லாத வீடு அரிது. அவ்வாண்டிலேயே, போர் ஓய்ந்த சில மாதங்களுள், யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வொன்று, வினாவப்பட்டோருள் நூற்றுக்கு 22 பேரிடத்து மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது. உலகச் சுகாதார நிறுவனத்தார் உலகம் முழுவதுக்கும் வகுத்துரைக்கும் வீதம் வளர்ந்தோருள் நூற்றுக்கு ஐந்தினை ஒட்டியதே. 2022இல் வந்த பொருளாதார நெருக்கடி வறுமையையும் அசைவையும் மீண்டும் வாசலிற் கொணர்ந்து நிறுத்திற்று. அக்காலத்துப் பிள்ளைகளே இன்று நம் வகுப்புக்களில் இருக்கின்றனர். போரைக் காணாத பிள்ளைக்கு என்ன கவலை என்போர், போரைக் கண்ட தாய் தந்தையரின் வீட்டிலேயே அப்பிள்ளை வளர்கின்றதென்பதனை மறக்கின்றனர்.

இளிவு பற்றிச் சிறிது கூறாது செல்லவியலாது. ஏனெனில் அதனை ஆக்குவோருள் ஆசிரியராகிய யாமும் உளேம். புலமைப்பரிசிற் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளையை உறவினர்முன் நிறுத்திப் பேசுகின்றோம். உயர்தரத்திலே மருத்துவம் கிடையாதவனை ‘தவறியவன்’ என்கின்றோம். புள்ளிகளை வகுப்பில் உரக்க வாசித்து, கடைசிப் பெயரிலே சற்று நிறுத்துகின்றோம். பரீட்சை எவரையும் நோயாளியாக்குவதில்லை எனலாம். பரீட்சைப் பேறே ஒருவனின் முழுப்பெறுமதி என நாம் கற்பித்துவிட்டால், அது தவறும்போது அவனுக்கு எஞ்சுவது யாது?

நிற்க. “இவ்வளவும் எதற்கு? தைரியமாயிரு என்றால் ஆகாதோ?” எனக் கேட்போர் உளர். அவர்கட்கு நம் சமயநூலினின்றே விடையிறுப்போம். பகவத்கீதையின் முதலாம் அத்தியாயத்திற்கு அர்ச்சுன விஷாத யோகம் என்று பெயர். வில்லாளருள் தலையாய ஒருவன் கால் தளர்ந்து, வாய் உலர்ந்து, காண்டீபம் கைநழுவத் தேர்த்தட்டில் அமர்ந்துவிடுகின்றான். அஃது ஒருபொழுதைத் துயரேயன்றி நாம் கூறும் நோயன்று. எனினும் அடுத்து நிகழ்ந்ததை நோக்குக. இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலே கண்ணபிரான் முதலிற் கூறியது ‘இத்தளர்ச்சி உனக்குத் தகாது, எழு’ என்பதுதான். அர்ச்சுனன் எழுந்தானா? இல்லை. போர் புரியேன் எனக் கூறி வாய்மூடினான். அதன்பின்னரே நூல் விரிகின்றது. அவன் கேட்க, இவன் விடைகூற, பதினெட்டாம் அத்தியாயம்வரை உரையாடல் தொடர்கின்றது. ‘எழு’ என்னும் ஒரு சொல் கண்ணனுக்கே பயன்படவில்லையாயின், நமக்கு எங்ஙனம் பயன்படும்?

வலிமையுடையோர்க்கு இந்நோய் வாராதென்பதும் பொய். 1841ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, முப்பத்தோரு வயதினரான இளஞ் சட்டத்தரணியொருவர், அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில், எழுந்து நடமாடவும் இயலாத துயரிலே ஆழ்ந்தார். அவர் உயிருக்கு நண்பர்கள் அஞ்சினர். அவ்வாண்டின் பிற்பகுதியில் யோசுவா ஸ்பீட் என்னும் நண்பரின் குடும்பத்தார் தங்கள் இல்லத்திலே அவரைச் சில வாரம் வைத்துப் பேணினர். இருபதாண்டின் பின் அந்நாட்டின் சனாதிபதியாகி அடிமை முறையை ஒழிக்க வழிவகுத்த ஆபிரகாம் இலிங்கனே அவர். சோர்வு அவரை முற்றாக விட்டகலவில்லை. அதனோடு வாழவும் செயலாற்றவும் அவர் கற்றுக்கொண்டார்.

வேறு சிலர் கிரகதோஷமென்பர். சாதகம் பார்ப்பதையோ, கோயிலிலே அருச்சனை செய்வதையோ, நூல் கட்டுவதையோ யாம் இகழ வரவில்லை. கோயிலுக்குச் செல்வதனால் துணையும் ஆறுதலும் கிட்டுமாயின் அவையும் நன்மருந்தே. எம் வேண்டுகோள் ஒன்றுதான்: ஏழரைச் சனி நீங்கும்வரை வைத்தியரைக் காணாது காத்திராதீர்கள். சனி விலக ஏழரை ஆண்டு செல்லும். தக்க வைத்தியம் பெற்றோருட் பலர் சில மாதங்களிலே எழுந்து நடமாடுகின்றனர்.

அவ்வைத்தியந்தான் யாது? நோய் இலேசாயின் பேச்சுச் சிகிச்சையே பெரும்பாலும் போதுமானது. பயிற்சி பெற்ற ஒருவர், நோயுற்றவனின் எண்ணங்களை அவனோடிருந்து ஆராய்ந்து, ‘எனக்கு எதுவும் இயலாது’ என்பது போன்றவை உண்மையோ எனச் சோதிக்கக் கற்பிப்பார். விட்டுவிட்ட வேலைகளைச் சிறிது சிறிதாக மீளத் தொடங்கச் செய்வார். கடுமையாயின் மருந்தும் வேண்டும். இம்மருந்துகளின் வரலாறு வியப்பானது. 1952இல் அமெரிக்காவிலே காசநோயாளருக்குக் கொடுத்த மருந்தொன்று அவர்களின் மனத்தையும் எழுப்பியது கண்டே வைத்தியர் இத்துறையில் முயன்றனர். மருந்து உட்கொண்ட மறுநாளே குணம் தெரியாது. இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். குணமான பின்னரும் ஆறு மாதமேனும் தொடர்தல் வேண்டும். வைத்தியரைக் கேளாது நிறுத்தலாகாது. இளையோர்க்கு மருந்து தொடங்கிய முதற்கிழமைகளில் வீட்டாரின் கண்காணிப்பு வேண்டும். சிலர்க்குச் சோர்வும் அளவுமீறிய எழுச்சியும் மாறிமாறி வரும். அதற்குரிய மருந்து வேறு. ஆதலின், அயலவர் உண்ட குளிசையை வாங்கி உண்ணுதல் தீது.

முன்னர் நாம் அங்கொடை என்றும் மந்திகை என்றும் ஊர்ப்பெயர்களையே வசைச்சொல்லாக்கி வைத்திருந்தோம். வகுப்பறைகளிலே அவ்வசை இன்னும் ஒலிக்கின்றது. அதனை ஒரு பகடியென விட்டுவிடலாகாது. அச்சொல்லைக் கேட்டுச் சிரிக்கும் நாற்பது பிள்ளைகளுள், சிரிக்காத ஒரு பிள்ளை தன் தாயை அங்கே அழைத்துச் சென்று மருந்தெடுத்து வருபவனாக இருத்தல் கூடும்.

இனி, யார் என்ன செய்வது? மாணவர்க்கு முதலிற் கூறுவோம். உங்கள் தோழன் சாவைப் பற்றிப் பேசினால் அதனை இரகசியமாக வைத்திராதீர்கள். அவன் காட்டிக்கொடுத்தான் எனச் சினந்தாலும், சினப்பதற்கு அவன் உயிரோடிருப்பான். “சாகவேண்டுமென எண்ணுகின்றாயா?” என நேரே கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக விதைக்கப்படுமென்று அஞ்சவேண்டா, கேட்பது பாரத்தை இறக்குமென்றே அறிந்தோர் கூறுவர். 1990களின் நடுவில், நம் நாட்டின் தற்கொலை வீதம் உலகிலேயே மிகவுயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தபின், அது பாதிக்குங் கீழாகக் குறைந்தது. இதனால் நாம் கற்பது யாது? அக்கொடிய வேளை கடந்து போகும் இயல்பினது. கடக்கும்வரை தீங்கு எட்டாதிருந்து, ஒருவர் அருகிலும் இருப்பாராயின், உயிர் மிஞ்சும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணிலும், 1974இல் தொடங்கிய சுமித்திரயோவிலும் பேசலாம். பெயர் கூறவேண்டியதுமில்லை.

பழைய மாணவர்க்கும் ஒரு சொல். இந்நோய் பள்ளிப் பருவத்தோடு நிற்பதில்லை. பிள்ளைகள் யாவரும் கடல்கடந்து சென்றபின், நாற்சார் வீட்டிலே தனித்திருந்து, இரவு எட்டு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்புக்காக நாள்முழுதும் காத்திருக்கும் முதியோர் நம் ஒழுங்கைதோறும் உளர். கனடாவிலும் இலண்டனிலும், பகல் சுருங்கிய மாரிக்காலத்திலே இரண்டு வேலை பார்த்து, ஊருக்குப் பணமனுப்பி, தன் மனநிலையை எவருக்கும் கூறாத நம் தோழரும் உளர். கூறினால் ‘அங்கிருந்தும் இவனுக்குக் குறையோ’ என்பார்களென அஞ்சுகின்றனர். உங்கள் வகுப்புத் தோழர் வட்சப் குழுவிலே முன்னர் நாளும் பகடி எழுதிய ஒருவர் மூன்று மாதமாக வாய்திறவாதிருந்தால், குழுவிலே கேளாது தனியே அழைத்துப் பேசுங்கள்.

விழா நிதியைக் கொண்டு யாது செய்வதெனப் பலரும் கருத்துரைக்கின்றனர். முகப்பு வளைவென்பர் சிலர். மண்டபத் திருத்தமென்பர் சிலர். அவை எழுக. அவற்றோடு, நூல்நிலையத்தின் பின்புறத்திலே ஒரு சிற்றறையும் வேண்டுகின்றோம். இரண்டு நாற்காலியும் சாத்தக்கூடிய ஒரு கதவும் அதற்குப் போதும். வழிகாட்டல் ஆலோசனைக்கென ஆசிரியரொருவரைக் குறிக்கும் ஒழுங்கு நம் நாட்டுப் பாடசாலைகளில் உண்டு. ஆயினும், வராத ஆசிரியரின் வகுப்பை அமைதிப்படுத்துவதே பல இடங்களில் அவர் வேலையாகிவிடுகின்றது. அவர்க்குத் தக்க பயிற்சியளித்து, நேரசூசியிலே அவ்வேலைக்கென்றே நேரம் ஒதுக்கி, வைத்தியசாலையோடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தால், வளைவின் ஒரு தூணுக்காகும் செலவும் ஆகாது. அவ்வறையின் கதவில் எவர் பெயரும் பொறிக்கவேண்டா. உள்ளே செல்பவனை எவரும் உற்று நோக்காதிருந்தாற் போதும்.

எம் பங்கிற்கு யாமும் ஒன்று செய்து வருகின்றோம். இரண்டு வாக்கியங்களோடு வருங் கொப்பியிலே இப்பொழுது ‘போதாது’ என எழுதுவதில்லை. ‘இடைவேளையில் வந்து காண்க’ என எழுதுகின்றோம். வருவோருட் பெரும்பாலோர் மெய்யாகவே சோம்பேறிகள். முதனாளிரவு துடுப்பாட்டம் பார்த்தவர்கள். அவர்கட்கு உரியது அவர்கட்குக் கிடைக்கின்றது. எப்போதோ ஒருவன் வந்து நின்று, நெடுநேரம் நிலத்தைப் பார்த்து, பின்னர் மெல்ல வாய்திறக்கின்றான். அவ்வொருவனுக்காக ஏனையோரையும் கேட்பதில் எமக்கு நட்டமில்லை.

நம் கல்லூரி பல்லாண்டு வாழ்க. அடுத்த விழா மலரிலே, பின்வரிசை முகங்களும் குறைவின்றி நிறைக.